கழகம் எவருக்குரியது?

உதைபந்தாட்டம் இன்று உலகின் பெருவியாபாரங்களுள் ஒன்றாகிவிட்டது. ஆட்டக்காரர் கோடிக்கணக்கான பவுணுக்குக் கைமாறுகின்றனர். கழகங்கள் பங்குச் சந்தைக்கு வருகின்றன. ஒரு நாட்டுக் கழகத்தை வேறொரு நாட்டுச் செல்வர், தம் கண்ணாற் காண்பதற்கு முன்பே விலைபேசி வாங்கிவிடுகின்றார். இவ்வியாபாரத்தை நடத்துவோரின் வாயில் அண்மைக் காலமாக அடிக்கடி அடிபடும் சொல்லொன்று உண்டு. அது 'சமூகம்' என்பதாகும். கழகத்தைச் சூழ ஒரு சமூகத்தை உருவாக்குதல் வேண்டும், அபிமானிகளை அதனோடு பிணைத்தல் வேண்டும் என்கின்றனர். வரலாறு பயிலும் மாணவனுக்கு இக்கூற்றுச் சற்று வேடிக்கையாகவே தோன்றும். அவ்விளையாட்டின் பிறந்தகமாகிய பிரித்தானியாவிலே சமூகங்கள் கழகங்களை உருவாக்கினவேயன்றி, கழகங்கள் சமூகங்களை உருவாக்கவில்லை.

எனவே அபிமானி என்பவன் யார்? காசு கொடுத்துச் சரக்கு வாங்கும் வாடிக்கையாளனா, அல்லது சொத்தின் உரித்தாளனா? இவ்வினாவை இலண்டனின் தென்மேற்கிலுள்ள விம்பிள்டன் என்னும் பகுதியின் உதைபந்தாட்டக் கழகம் பட்ட பாட்டைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். விம்பிள்டன் என்றதும் நம்மவர்க்கு ரெனிஸ் ஆட்டமே நினைவுக்கு வரும். அவ்வெண்ணிற ஆடைகளை இங்கே சற்று மறந்துவிடுவோமாக.

முதலில் இக்கழகங்கள் தோன்றிய வகையைச் சுருக்கமாக நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலை வேலை தேடி வந்த மக்களால் பிரித்தானிய நகரங்கள் நிறைந்தன. அவர்களுக்குச் சனிக்கிழமைப் பிற்பகல் ஓய்வு கிடைத்தது; அவ்வோய்வை உதைபந்து நிரப்பிற்று. லிவர்ப்பூல் நகரிலே சென் டொமிங்கோ தேவாலயத்தைச் சேர்ந்த வாலிபர் 1878இல் தொடங்கிய கழகமே மறு ஆண்டில் எவேற்றன் எனப் பெயர் பூண்டது. 1886இல் வூலிச்சு ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர் கூடித் தொடங்கியது ஆர்செனல். தேவாலயம், பாடசாலை, தொழிற்சாலை ஆகிய மூன்றும் இல்லாவிடின் இன்றைய பெருங்கழகங்களிற் பாதி இருந்திரா.

இவற்றுள் ஸ்கொத்லாந்திலுள்ள செல்ற்றிக் கழகத்தின் தோற்றம் தனித்துக் கூறத்தக்கது. அயர்லாந்திலே பஞ்சத்தாலும் வறுமையாலும் அலைப்புண்டு கிளாஸ்கோ நகரின் கிழக்குப் பகுதியிலே வந்து குடியேறிய மக்களின் பிள்ளைகள் பசியோடு பாடசாலைக்கு வந்தனர். அவர்களுக்கு ஒருவேளை உணவாயினும் அளிக்கவேண்டும் என்று முயன்றவர் வால்பிரிட் என்னும் மரிஸ்ற் சபைத் துறவி. நீர்கொழும்பிலே 1922இல் மாரிஸ் ஸ்ரெல்லாக் கல்லூரியை நிறுவியவர்களும் இச்சபையினரே. 1887 நவம்பர் 6ஆந் திகதி சென் மேரிஸ் தேவாலய மண்டபத்திலே கூடிய கூட்டம் ஓர் உதைபந்தாட்டக் கழகத்தை அமைக்கத் தீர்மானித்தது. வாயிலில் வசூலாகும் பணம் பிள்ளைகளின் அன்னதானத்துக்கு என்பதே நோக்கம். மைதானத்தை ஊரவரே கூலியின்றிச் சமப்படுத்தினர். 1888 மே மாதத்தில் நடந்த முதலாட்டத்தில் றேஞ்சேர்ஸ் கழகத்தை 5க்கு 2 என வென்றனர்.

ஆயின் பத்தாண்டு செல்வதற்கு முன்னரே பசித்த பிள்ளைகள் பின்தள்ளப்பட்டனர். 1892இல் வால்பிரிட் துறவி இலண்டனுக்கு மாற்றப்பட்டார். 1897இல் கழகம் வரையறுக்கப்பட்ட கம்பனியாயிற்று. அன்னதானத்தின் பெயராற் பிறந்த ஒன்று ஒருசில குடும்பங்களின் கைக்குள் அடங்கி நூறாண்டளவு அங்கேயே கிடந்தது. 1994 மார்ச்சிலே கடன் கொடுத்த வங்கி கதவை மூடும் நிலை வந்தபோது, கனடாவில் வாழ்ந்த பேர்கஸ் மக்கான் என்னும் அபிமானி தம் பணத்தைக் கொண்டுவந்து மீட்டார். அதன்பின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் இலாபம் வராது என்று தெரிந்தே அவற்றை வாங்கினர். பங்குச் சந்தையின் கணக்குக்கு இது விளங்காத செயல். கோயிற் கட்டடத்துக்கு ஒரு கல் உபயம் செய்தவனுக்கு நன்றாக விளங்கும்.

கழகங்கள் கம்பனிகளாக மாறுவதால் வரக்கூடிய கேட்டை இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் அறியாதிருக்கவில்லை. 1863இல் நிறுவப்பட்ட அச்சங்கம் அந்நூற்றாண்டின் இறுதியிலேயே ஒரு வேலி போட்டது. பங்காளருக்குக் கொடுக்கும் இலாபப் பங்கு ஓர் எல்லையைத் தாண்டலாகாது. பணிப்பாளர் சம்பளம் பெறலாகாது. கழகம் கலைக்கப்படின் எஞ்சும் சொத்து விளையாட்டுத் தருமங்களுக்கே சேரவேண்டும் என்பன அதன் சாரம். ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் இவ்வேலி நின்றது. 1983இல் ரொட்டன்ஹாம் கழகம் தனக்கு மேலாக வேறொரு கம்பனியை அமைத்து, அக்கம்பனியின் பங்குகளைச் சந்தையில் விற்றது. விதி கழகத்துக்கேயன்றிக் கழகத்தின் எசமானுக்கு அன்று என்பது வாதம். சங்கம் வாளாவிருந்தது. வேலியில் ஒருவன் நுழைந்த துவாரம் விரைவிலே பெருவழியாயிற்று.

நிற்க, விம்பிள்டனுக்கு வருவோம்.

1889இல் அவ்வூரின் சென்ரல் பாடசாலையின் பழைய மாணவர் சிலர் கூடி 'விம்பிள்டன் ஓல்ட் சென்ரல்ஸ்' என்ற கழகத்தைத் தொடங்கினர். பழைய மாணவர் சங்கம் ஒன்றின் விளையாட்டுக் குழு என்றே அதனைக் கொள்ளலாம். ஊர்ப் பொதுவெளியே அவர்களின் மைதானம். அருகிலிருந்த மதுச்சாலை ஒன்றே உடை மாற்றும் இடம். 1905இல் பெயர் விம்பிள்டன் எனச் சுருங்கியது. 1912இல் பிளவ் லேன் என்னும் வீதியிலே, நீர் தேங்கும் ஒரு நிலத்தைத் திருத்தி மைதானம் அமைத்தனர். அடுத்த அரை நூற்றாண்டு அது சம்பளம் வாங்காத ஆட்டக்காரரின் கழகமாகவே விளங்கிற்று. 1963இல் அத்தகைய கழகங்களுக்கான கிண்ணத்தை வென்றபோது, எடி றெயினோல்ட்ஸ் என்பவர் நான்கு கோல்களையும் தலையால் இடித்தே போட்டார்.

1975ஆம் ஆண்டிலேதான் நாடு அவர்களைத் திரும்பிப் பார்த்தது. லீக்கின் நான்கு பிரிவுகளிலும் இடம்பெறாத இச்சிறு கழகம் சங்கக் கிண்ணப் போட்டியிலே முதற்பிரிவைச் சேர்ந்த பேண்லியை அதன் சொந்த மைதானத்திலேயே வென்று, அடுத்து அந்நாளைய லீக் சம்பியனான லீட்ஸ் யுனைற்றட் கழகத்தைச் சந்தித்தது. லீட்ஸுக்குத் தண்ட உதை ஒன்று கிடைத்தது. உதைத்தவர் பீற்றர் லோரிமர். அவருடைய உதையின் வேகத்துக்கு அஞ்சாத கோல் காப்பாளர் அந்நாளில் இல்லை. அதனை விம்பிள்டனின் டிக்கி கை தடுத்துவிட்டார். பெயரே கை! வாரநாட்களில் அவர் இலண்டன் துறைமுகத்தில் எழுதுவினைஞர். ஆட்டம் கோலின்றி முடிந்தது. மறுமுறை ஆடியபோது விம்பிள்டன் ஒரேயொரு கோலால் தோற்றது.

அதன்பின் ஏற்றம் கதைபோல நிகழ்ந்தது. 1977இல் லீக்கிற் சேர்க்கப்பட்டு, ஒன்பதே ஆண்டுகளில், 1986இல், முதற்பிரிவை அடைந்தது. முரட்டு ஆட்டம் என்று பத்திரிகைகள் ஏசின. அவ்வேச்சில் நியாயமும் உண்டு. கண்ணுக்கினிய ஆட்டம் அவர்களுடையதன்று. 1988 மே 14ஆந் திகதி வெம்பிளி மைதானத்திலே 98,203 பேர் முன்னிலையில் லிவர்ப்பூலை 1க்கு 0 என வென்று கிண்ணத்தைக் கைப்பற்றினர். லோறி சான்செஸ் தலையால் அடித்த கோலும், கோல் காப்பாளர் டேவ் பீசன்ற் தடுத்த தண்ட உதையும் அன்றைய வெற்றியைத் தந்தன. வெம்பிளியில் நடந்த கிண்ண இறுதியாட்டங்களில் தண்ட உதை ஒன்று தடுக்கப்பட்டது அதுவே முதன்முறை.

இவ்வெற்றியின் மறு ஆண்டிலே, 1989 ஏப்பிரல் 15ஆந் திகதி, ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பறோ மைதானத்தில் லிவர்ப்பூல் அபிமானிகள் நெரிசலில் அகப்பட்டனர். 97 உயிர்கள் அழிந்தன. விசாரணை செய்த நீதிபதி ரெயிலர், உயர்பிரிவுக் கழகங்களின் மைதானங்களில் எல்லோருக்கும் ஆசனம் அமைத்தல் வேண்டும் என 1990இல் விதந்துரைத்தார். நன்னோக்கமுடைய அவ்விதி பிளவ் லேனுக்குக் கூற்றாயிற்று. பழைய மைதானத்தைத் திருத்தவியலாது என்று உரிமையாளர் கூற, 1991இல் கழகம் கிறிஸ்ரல் பலஸ் கழகத்தின் செல்கேஸ்ற் பார்க்கிலே குடியிருப்பாளராகச் சென்றது. 'சில ஆண்டுகளுக்கு' என்றே சொல்லப்பட்டது. வாடகை வீட்டுக்குப் போகிற எவரும் அப்படித்தானே சொல்கின்றனர்! 1998இல் பிளவ் லேன் நிலம் பல்பொருள் அங்காடிக் கம்பனி ஒன்றுக்கு விற்கப்பட்டது. பின்னர் அவ்விடத்தில் வீட்டுத் தொகுதி எழுந்தது. அதற்கு முன்னர் கூறிய றெயினோல்ட்ஸின் பெயர் சூட்டப்பட்டது. மைதானத்தை அழித்துவிட்டு மைதானத்து வீரரின் பெயரை வாயிலில் எழுதினர்.

வேற்றூர் மைதானத்துக்கு அபிமானிகள் குறைவாகவே சென்றனர். 1993 ஜனவரியில் எவேற்றனுக்கு எதிரான ஆட்டத்துக்கு வந்தோர் 3,039 பேர் மாத்திரமே. பிரீமியர் லீக் வரலாற்றில் பார்வையாளர் அனுமதிக்கப்பட்ட ஆட்டங்களுள் இதைவிடக் குறைந்த தொகை இல்லை. உரிமையாளர் இத்தொகையைக் காட்டி, விம்பிள்டனில் உதைபந்தாட்டத்துக்கு ஆதரவில்லை என்றனர். வீட்டிலிருந்து பிள்ளையைப் பிரித்துவிட்டு, பெற்றோருக்குப் பாசமில்லை என்பதைப் போன்றது இது. அயர்லாந்தின் டப்ளின் நகருக்குக் கழகத்தைக் கொண்டுசெல்லும் யோசனைகூட எழுந்து மறைந்தது. 1997இல் நோர்வே நாட்டுச் செல்வர் இருவர் கழகத்தை வாங்கினர். 2000 மே 14இல், கிண்ணம் வென்று சரியாகப் பன்னிரண்டு ஆண்டு நிறைந்த அன்றைக்கே, கழகம் உயர்பிரிவிலிருந்து இறங்கியது.

2001 ஓகஸ்ற் மாதத்தில் உரிமையாளரின் முடிவு வெளிவந்தது. இலண்டனுக்கு வடக்கே சுமார் 50 மைல் தொலைவிலுள்ள மில்ற்றன் கீன்ஸ் நகருக்குக் கழகம் இடம்பெயரும் என்பதே அது. 1967இல் அரசாங்கத்தால் திட்டமிட்டு அமைக்கப்பட்ட அப்புதுநகருக்கு லீக் கழகம் எதுவும் இல்லை. பெருங் கடைகளோடு சேர்த்து ஒரு விளையாட்டரங்கைக் கட்ட விரும்பிய பீற் விங்கிள்மன் என்பவர் அவ்வரங்குக்கு ஒரு கழகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். கீழ்மட்டத்திலே ஒரு கழகத்தைத் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவதற்கு இரண்டு தசாப்தம் செல்லும். ஆயத்தமாயுள்ள ஒன்றை வாங்கினாலோ மறுநாளே ஆடலாம்.

முன்னுதாரணம் இல்லாமலில்லை என்று அவர்கள் வாதாடினர். ஆர்செனல் கழகம் 1913இல் தேம்ஸ் நதியைக் கடந்து வூலிச்சிலிருந்து ஹைபரிக்குப் போகவில்லையா? போனது உண்மையே. வூலிச்சு மக்களுக்கு அன்று நேர்ந்ததைப் பற்றி எழுதுவோர் இன்று எவருமில்லை என்பதும் உண்மையே. ஆயினும் ஒரு மாநகருக்குள்ளே இடம் மாறுவதும், வேறொரு நகருக்கு லீக்கிலுள்ள ஓர் ஆசனத்தைத் தூக்கிச் செல்வதும் ஒன்றல்ல.

லீக் முதலில் மறுத்தது. மேன்முறையீட்டின்பின் மூவர் கொண்ட ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. 2002 மே 28ஆந் திகதி இருவர் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக இடப்பெயர்வுக்கு அனுமதி வழங்கினர். விம்பிள்டனிலே அபிமானிகள் புதிதாக ஒரு கழகத்தை அடிமட்டத்திலிருந்து தொடங்குவது உதைபந்தாட்டத்தின் பொதுநலனுக்கு உகந்ததன்று என்றும் தீர்ப்பிலே எழுதினர். அவர்கள் அவ்வசனத்தை எழுதாமல் விட்டிருக்கலாம். இன்றும் விம்பிள்டன் அபிமானிகள் அதனைத் தம் உடைகளிலும் கொடிகளிலும் பொறித்துக்கொண்டு திரிகின்றனர்.

இரண்டு நாள் கழித்து, மே 30இல், அபிமானிகள் கூடினர். ஓராண்டுக்கு மேலாகப் போராடிக் களைத்திருந்தனர். வழக்குத் தொடரவேண்டும் என்றனர் சிலர். கிறிஸ் ஸ்ருவேட் என்பவர் எழுந்து, போராடியது போதும், தாம் உதைபந்தாட்டம் பார்க்கவே விரும்புவதாகக் கூறினார். அன்றே புதிய கழகம் ஒன்றை அமைக்க முடிவாயிற்று. அவர்களிடம் ஆட்டக்காரர் இல்லை; மைதானம் இல்லை; லீக்கிலே இடமில்லை. கொடியும் நிறமும் நினைவும் மாத்திரம் இருந்தன. யூன் 29ஆந் திகதி ஆட்டக்காரரைத் தெரிவுசெய்யும் சோதனைக்கு எவரும் வரலாம் என அறிவித்தனர். 230 பேர் வந்தனர். சோதனை நடந்த இடம் விம்பிள்டன் பொதுவெளி. 1889இல் பழைய மாணவர்கள் பந்தோடு கூடிய அதே வெளி.

யூலை 10இல் சற்றன் யுனைற்றட் கழகத்தோடு முதல் ஆட்டம். புதிய கழகம் 4க்கு 0 எனத் தோற்றது. ஆனால் பார்க்க வந்தோர் 4,657 பேர்! தரவரிசையில் ஒன்பதாம் மட்டத்து லீக்கிலே முதலாண்டு ஆடியபோதும் சராசரி 3,000 பேர் வந்தனர். அதே காலத்தில் செல்கேஸ்ற் பார்க்கிலே இரண்டாம் மட்டத்தில் ஆடிக்கொண்டிருந்த பழைய கழகத்தின் ஓர் ஆட்டத்துக்கு ஆயிரம் பேர்கூட வரவில்லை. 2003இல் அது கடன் தாங்காமல் நிருவாகிகளின் கையில் வீழ்ந்தது. அவ்வாண்டு செப்ரெம்பரில் மில்ற்றன் கீன்ஸுக்குப் போய், 2004இல் பெயரையும் மாற்றிக்கொண்டது. ஒப்பந்தப் பத்திரத்தில் ஆட்டக்காரர், உபகரணம், லீக் உரிமை எல்லாம் எழுதப்பட்டிருந்தன. சனிக்கிழமைதோறும் வாயிலில் நின்ற மக்களை எந்தப் பத்திரத்திலும் எழுத முடியவில்லை. எமது ஊர்களிலே கோயில் எவருடைய உறுதியில் இருந்தாலும் தேர்வடத்தை இழுக்க ஊர் வரவேண்டும். ஊர் வராத தேர் கொட்டகையிலேயே நிற்கும். அதுவே அங்கும் நிகழ்ந்தது.

புதிய கழகத்தின் அமைப்பு முறையைச் சற்று விரித்துக் கூறுதல் பயனுடையது. 'டோன்ஸ் ரிறஸ்ற்' என்னும் அபிமானிகள் பொறுப்புச் சங்கமே கழகத்தின் பெரும்பங்கை உடையது. ஆண்டுக் கட்டணம் செலுத்துபவர் எவரும் அங்கத்தவராகலாம். நூறு பவுண் பங்கு வைத்திருப்பவனுக்கும் பதினாயிரம் பவுண் பங்கு வைத்திருப்பவனுக்கும் அங்கே ஒரே வாக்கு. இம்முறை அவர்கள் புதிதாகக் கண்டதன்று. 1992இல் கடனில் மூழ்கிய நோத்தாம்ப்ரன் கழகத்தைக் காப்பாற்ற அதன் அபிமானிகள் அமைத்த பொறுப்புச் சங்கமே முன்னோடி. விம்பிள்டனிலோ கழகத்தைக் காப்பாற்ற அன்றி, இல்லாத கழகத்தை ஆக்கவே இது பயன்பட்டது. 2003இல் பங்குகளை விற்று 10 இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட பணம் திரட்டி, அயலூராகிய கிங்ஸ்ரனிலுள்ள கிங்ஸ்மெடோ மைதானத்தைப் பெற்றனர். சீட்டு வெட்டுவோர், வழிகாட்டுவோர், சஞ்சிகை விற்போர் எனப் பலர் சம்பளமின்றி உழைத்தனர்.

2003 பெப்ரவரி முதல் 2004 டிசம்பர் வரை லீக் ஆட்டங்கள் 78இலே அவர்கள் ஒன்றிலேனும் தோற்கவில்லை. இங்கிலாந்தின் முதியோர் உதைபந்தாட்டத்தில் இஃதொரு சாதனை. ஒன்பது பருவங்களில் ஐந்து முறை பதவியுயர்ந்து, 2011 மே மாதத்தில் லூற்றன் கழகத்தைத் தண்ட உதைகளில் வென்று மீண்டும் லீக்குக்குள் நுழைந்தனர். துறைமுக எழுதுவினைஞரான டிக்கி கை இப்புதிய கழகத்தின் கௌரவத் தலைவராக இருந்து அதனைக் கண்டார்.

இதனை வாசிக்கும்போது ஒருபுறம் தெய்வங்களும் மறுபுறம் அசுரருமாகப் பிரித்துவிடும் ஆசை எழுதல் இயல்பே. வரலாறு அவ்வளவு வசதியாக அமைவதில்லை. மில்ற்றன் கீன்ஸிலே 2004இன் பின் பிறந்து, தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குச் சென்ற சிறுவன் எவருடைய சொத்தையும் திருடவில்லை. அவனுக்கும் அது தன் ஊர்க் கழகமே. 2006இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, பழைய கழகத்தின் கிண்ணங்களும் நினைவுப் பொருள்களும் விம்பிள்டன் அடங்கிய மேற்றன் நகரசபையிடம் ஒப்படைக்கப்பட்டன. 2004க்கு முற்பட்ட வரலாறு தமதன்று என மில்ற்றன் கீன்ஸ் கழகம் ஏற்றது. 1988ஆம் ஆண்டுக் கிண்ணம் ஊர் திரும்பியது.

விம்பிள்டன் அபிமானிகளும் மாசற்றவரல்லர். அவர்கள் பெற்ற கிங்ஸ்மெடோ மைதானம் முன்னே கிங்ஸ்ரோனியன் என்னும் பழைய கழகத்தின் வீடு. அக்கழகத்தைக் குடியிருப்பாளராக வைத்திருந்தனர். பிளவ் லேனிலே புதிய அரங்கு கட்டப் பணம் வேண்டியிருந்தமையால் மைதானத்தைச் செல்சிக் கழகத்துக்கு விற்றனர். 2017இல் கிங்ஸ்ரோனியன் வெளியேறியது. ஒரு தொகைப் பணம் வழங்கினர் என்பது உண்மை. ஆயினும் வீடிழந்த துயரை நன்கறிந்தவர்களே வேறொரு கழகம் வீடிழக்கக் காரணராயினர் என்பதை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

மக்கள் உரிமை எங்கும் நிலைத்துவிட்டதென்றும் கூறவியலாது. போட்ஸ்மவுத் கழகம் இருமுறை கடனில் மூழ்கியபின், 2013 ஏப்பிரலில் அபிமானிகள் அதனை வாங்கினர். கடன்களைத் தீர்த்து, நான்காம் பிரிவிலிருந்து உயர்த்தி, 2017இல் தாமே வாக்களித்து அமெரிக்கச் செல்வர் மைக்கேல் ஐஸ்னருக்கு விற்றுவிட்டனர். மைதானத்தைத் திருத்தவும் மேலே போட்டியிடவும் தம்மிடம் பணம் போதாது என்பது அவர்களின் கணிப்பு. அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. தம்முடையதை விற்பவன் வேறு. தம்முடையதல்லாததை விற்பவன் வேறு.

ஜேர்மனியில் இதனை அபிமானிகளின் வீரத்துக்கு விடாமல் விதியாகவே செய்துள்ளனர். 1998இல் கழகங்கள் கம்பனிகளாக இடமளித்தபோது, வாக்குரிமையில் பாதிக்குமேல் ஒன்றேனும் அங்கத்தவர் சங்கத்திடமே இருக்கவேண்டும் என்றனர். சில விதிவிலக்குகளோடு அது இன்றும் நிற்கின்றது. இவ்விதி மூடத்தனத்துக்கு மருந்தன்று. பங்குச் சந்தையிற் பணம் திரட்டி அளவின்றிச் செலவிட்ட டோட்முண்ட் கழகம் 2005இல் முறிவின் விளிம்புக்கு வந்தது. மறுபுறத்தில், பேர்லினின் யூனியன் கழகத்துக்கு 2008இல் மைதானம் திருத்த வசதியில்லாதபோது, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அபிமானிகள் வந்து ஏறக்குறைய 1,40,000 மணி நேரம் கூலியின்றிக் கட்டட வேலை செய்தனர். கிளாஸ்கோவில் 1888இல் நடந்தது ஒரு நூற்றாண்டுக்குப்பின் பேர்லினில் நடந்தது.

இங்கிலாந்தின் பெருமுதலாளிகள் இவ்வுண்மையை 2021இல் இரண்டே நாளிற் கற்றனர். அவ்வாண்டு ஏப்பிரல் 18இல் ஆறு ஆங்கிலக் கழகங்கள் உட்பட ஐரோப்பாவின் பன்னிரண்டு செல்வக் கழகங்கள், தாமே தமக்கென்று ஒரு லீக்கை அமைப்பதாக அறிவித்தன. நிரந்தர அங்கத்துவக் கழகங்களுக்கு இறக்கம் இல்லை; தோல்விக்குத் தண்டமில்லை; வருமானம் நிச்சயம். ஏப்பிரல் 20இல் செல்சியின் மைதான வாயிலிலே அதன் அபிமானிகளே வீதியை மறித்து நின்றனர். அன்றிரவுக்குள் ஆறு ஆங்கிலக் கழகங்களும் பின்வாங்கின. அரசாங்கம் விசாரணை நடத்தியது. அதன் பயனாக 2025 யூலையிலே உதைபந்தாட்ட நிருவாகச் சட்டம் நிறைவேறி, கழகங்களைக் கண்காணிக்கும் சுயாதீன அதிகாரி நியமனம் பெற வழியாயிற்று. கழகமொன்று தன் மைதானத்தை விட்டுப் பெயரவேண்டுமாயின் இனி அவ்வதிகாரியின் அனுமதி வேண்டும். விம்பிள்டன் மக்கள் 2002இல் வேண்டிநின்றதும் ஏறக்குறைய இதுவே.

அவர்களோ அதற்கிடையில் வீடு திரும்பிவிட்டனர். பழைய மைதானத்திலிருந்து சில நூறு யார் தொலைவிலே, அதே பிளவ் லேனில், நாய்ப் பந்தயம் நடந்த நிலத்திற் புதிய அரங்கு எழுந்தது. 2019இன் இறுதியில் பணம் போதவில்லை. பெரும்பங்கைச் செல்வர்க்கு விட்டுக்கொடுத்தால் உடனே முடியும். ஆனால் அப்போது கழகம் மீண்டும் ஒருசிலருடையதாகிவிடும். விரைந்த ஆலோசனையின்பின் அபிமானிகளிடமே கடன் கேட்பதென முடிவாயிற்று. கடன் பத்திரங்கள் மூலம் 50 இலட்சம் பவுணுக்கு மேல் திரண்டது. 2020 நவம்பர் 3ஆந் திகதி டொன்காஸ்ரருக்கு எதிராக முதலாட்டம் நடந்தது. கொள்ளை நோய்க் கட்டுப்பாடு காரணமாக ஒரு பார்வையாளருக்கும் அனுமதியில்லை. இருபத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்து, தம் சேமிப்பைக் கொட்டிக் கட்டிய அரங்கிலே ஆடிய முதலாட்டத்தை அம்மக்கள் தத்தம் வீடுகளிலிருந்தே பார்த்தனர். 2க்கு 2 எனச் சமநிலை.

2024 செப்ரெம்பரில் பெருமழையால் அருகிலோடும் வாண்டில் ஆறு பெருகி அரங்குக்குட் புகுந்து, ஆட்டத் தரையிலே ஒரு பெருங்குழி விழுந்தது. அங்கே நடக்கவிருந்த நியூகாசிலுடனான கிண்ணப் போட்டி நியூகாசிலுக்கே மாற்றப்பட்டது. திருத்த வேலைக்கென்று அபிமானி ஒருவர் தொடங்கிய நிதிக்குச் சில நாட்களுள் ஒரு இலட்சம் பவுணுக்கு மேல் வந்தது. நியூகாசில் கழகமும் பணம் கொடுத்தது. குழி மூடப்பட்டது. 2025 மே 26ஆந் திகதி வெம்பிளியிலே வோல்சோல் கழகத்தை 1க்கு 0 என வென்று, விம்பிள்டன் மூன்றாம் மட்டத்துக்கு உயர்ந்தது.